சட்டைப் பையில் ஆறு மிட்டாய்

என் கணவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு நாள் ஆறு புளிப்பு மிட்டாய்களை எடுத்தேன். எடுத்தேன் என்று எழுதினால் துணி துவைக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது போலத் தோன்றும். பறித்தேன் என்பதுதான் சரி. வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்மணியின் முன்னால், சிரித்துக்கொண்டே பறித்தேன். அந்த ஆறு மிட்டாய்கள்தான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எனக்கு ஒரு பஸ் பயணத்தில் வந்தது. நான்தான் அவரைப் பேசவிடவில்லை.

நான் சேக்காட்டில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் இருபத்தாறு வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பையில் என்னவெல்லாம் இருக்கும் என்று என்னைக் கேட்டால் தெரியும். கோலிக்குண்டு, பாதி கடித்த மாங்காய், பாட்டில் மூடி, கண்டிப்பாக மிட்டாய். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வரிசையில் நிறுத்திப் பையைத் தடவிப் பார்ப்பேன். கிடைத்ததை என் கைப்பையில் போட்டுக்கொண்டு மாலை மணி அடித்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, சக ஆசிரியைகளுக்கும் தெரியும். எனக்கு அதில் பெருமை உண்டு. உண்டு என்ன, இருந்தது.

அவர் ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். இன்னா, கீது என்றுதான் பேசுவார், என்னை மே என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் நான் அதைத் திருத்தப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. "என்ன" என்று சொல்லுங்கள் என்பேன். "சரி மே, என்ன" என்பார். அடுத்த நிமிஷம் "இன்னா கொழம்பு?" என்று கேட்பார். அந்த ஒன்றைத் தவிர நான் சொன்ன எதையும் அவர் தட்டியதில்லை. பேசாதீர்கள் என்றால் பேசமாட்டார். கோபித்துக்கொண்டு அல்ல. சொன்னதை அப்படியே செய்வது அவர் சுபாவம். இதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் பேச்சை மீறமாட்டார் என்று.

ஐம்பது வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. வந்தது அவருக்கு என்றாலும் நோயை எடுத்து நடத்தியவள் நான். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு, எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை, எல்லாம் என் கையில். அம்பத்தூரில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் மாதம் ஒரு முறை போவோம். அந்த டாக்டரின் லேபில் ரத்தம் எடுக்கிற பெண்மணி கைராசிக்காரர். ஊசி குத்தியதே தெரியாது என்பார் என் கணவர். ஒரு முறை எங்களோடு என் மகள் வந்திருந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஒரே பெண். அவளைப் பார்த்ததும் அந்தப் பெண்மணிக்குப் பிடித்துவிட்டது. தன் அக்கா மகன் ஒருவன் இருப்பதாகச் சொன்னார். ஜாதகம் பொருந்தியது. பையனும் நல்ல பையன். பேச்சு நகர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கள்ளிக்குப்பத்தில் நாங்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கு வந்தோம். நானும் வேலையை விட்டிருந்தேன். இனி நிம்மதி என்று நான் நினைத்தேன். அவர் மட்டும் ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, சாப்பாட்டு டப்பா வைக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதலில் கேலி செய்தேன். பிறகு அவர் சவரம் செய்வதை நிறுத்தினார். முப்பது வருஷமாகத் தினமும் துடைத்த சைக்கிளைத் துடைப்பதை நிறுத்தினார். ஒரு நாள் மத்தியானம் டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன்.

"இன்னான்னு தெரில மே. உள்ள காலியா கீது."

கோயிலுக்குப் போங்கள் என்றேன். நடங்கள் என்றேன். கடைசியில், ஊரில் யாருமே ரிட்டயர் ஆவதில்லையா என்று கத்தினேன். என் மகள்தான் என்னை உள்ளே கூப்பிட்டு, இது கத்திச் சரியாகிற விஷயம் இல்லை, மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலில் வந்தது அவரைப் பற்றிய கவலை இல்லை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அம்பத்தூரிலேயே அப்படிப்பட்ட டாக்டர்கள் இருந்தார்கள். வேண்டாம் என்று பூந்தமல்லியில் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அங்கே நமக்குத் தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்பது என் கணக்கு. ஒரு வியாழக்கிழமை காலை பஸ் ஏறிப் போனோம். டாக்டர் வயதில் சின்னவர். அவரைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். சர்க்கரை இருக்கிறதா என்றார். இருக்கிறது, மாத்திரை போடுகிறார் என்றேன். என்ன மாத்திரை என்றார். பெயர் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தபோது கதவு லேசாகத் திறந்தது. வெளியே நாற்காலியில் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் வரிசையில் இருந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாக மருந்துக் கடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அவரை உள்ளே விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணும் என்னைப் போலவேதான் யாரையோ கூட்டிக்கொண்டு வந்திருப்பாள், அவளும் என்னைப் பார்த்துப் பயந்திருப்பாள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவர் சீட்டோடு வந்தார். சீட்டின் அடியில் டாக்டர் இரண்டு வரி கிறுக்கியிருந்தார். பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். அந்த இரண்டு வரியைப் படிக்க முயற்சிகூடச் செய்யவில்லை. மாத்திரை வாங்கியதும் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எங்களுக்கு இடம் கிடைத்தது. அவர் என்னமோ அன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தார். வெகு நாளைக்குப் பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.

"டாக்டரு ஒண்ணு சொன்னாரு மே. இந்த மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஒண்ணா போட்டா..."

நான் அவர் தொடையை அழுத்தினேன். முன் சீட்டில் இருந்தவர் லேசாகத் திரும்பியது போல எனக்குத் தோன்றியது. "பஸ்ல எதுவும் பேசாதீங்க," என்றேன். "வீட்லயும் அந்த டாக்டர் பேச்சே வேணாம். கல்யாணம் முடியற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது." அவர் என்னைப் பார்த்தார். "சரி மே," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு முடிந்தது. அவர் சொல்ல வந்தது என்ன என்று வீட்டுக்கு வந்தாவது கேட்டிருக்கலாம். சமையல்கட்டில் கேட்டிருக்கலாம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கேட்டிருக்கலாம். நான் மறந்தே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, என்னுடைய பழைய கால்சியம் டப்பாவில் போட்டதுதான். என் வயதுப் பெண் இருக்கிற வீட்டில் கால்சியம் டப்பாவை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள். காலி அட்டைகளை நறுக்கி, காய்கறிக் குப்பையோடு சுருட்டி எறிந்தேன். சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் டப்பாவிலிருந்து ஒன்று, சர்க்கரை மாத்திரையில் ஒன்று, இரண்டையும் சேர்த்து அவர் உள்ளங்கையில் வைப்பேன். நான் நிற்கும்போதே விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு.

மாத்திரை வேலை செய்தது. அதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாத்திரைக்குத் துரோகம் செய்ததாகும். ஐந்தாறு வாரத்தில் மனுஷர் முகம் மாறிவிட்டது. சவரம் செய்துகொண்டார். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டார். ஒரு நாள் குளிக்கும்போது சீட்டி அடித்தார். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி வரச் சொல்லியிருந்த டாக்டரிடம் போகவில்லை. நிச்சயதார்த்த வேலை தலைக்கு மேல் இருந்தது. சரியாகிவிட்டதே, இன்னொரு முறை அந்த வாசலில் போய் எதற்கு நிற்க வேண்டும் என்று பழைய சீட்டையே காட்டி மாத்திரையை மட்டும் வாங்கிவந்தேன்.

ஆனால் புதிதாக ஒன்று ஆரம்பித்தது. காலை பதினொரு மணி வாக்கில் அவருக்கு வேர்க்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் சட்டை நனையும். விரல் நடுங்கும். சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவார், உடனே கண் கலங்குவார். நான் இதையெல்லாம் மனசுக் கோளாறின் கணக்கில் சேர்த்தேன். முழுசாகச் சரியாகவில்லை, படபடப்பு மிச்சம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். கண்ணை மூடிப் படுங்கள், எதையும் யோசிக்காதீர்கள் என்பேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து கடைப்பக்கம் போவார். வரும்போது தெளிவாக இருப்பார். காற்றாட நடந்தது நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

சர்க்கரை டாக்டரிடம் போனபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டருக்கே ஆச்சரியம். புதிதாக ஏதாவது மாத்திரை சேர்த்தீர்களா என்று கேட்டார். கேள்வியைக் கவனியுங்கள், நேராகக் கேட்டார். அந்த லேப் பெண்மணி பக்கத்தில் ரிப்போர்ட்டோடு நின்றுகொண்டிருந்தார். நாளைக்கு என் மகளுக்குச் சின்ன மாமியார். மாத்திரை எதுவும் இல்லை டாக்டர், தினமும் பாகற்காய் ஜூஸ் கொடுக்கிறேன் என்றேன். டாக்டர் சிரித்தார். வீட்டம்மா கண்ட்ரோல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் என் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணால் அடக்கினேன்.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். நிச்சயதார்த்தப் புடவை நிறம் பற்றிப் பேச வந்தவர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் வெளியிலிருந்து வந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா. இங்கே வாங்க என்று கூப்பிட்டேன். வந்து நின்றார். பைக்குள் கையை விட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து டீப்பாய்மேல் வரிசையாக வைத்தேன். ஆறு. அதோடு நாலைந்து வெறும் உறை வேறு. பாகற்காய் ஜூஸ் குடிக்கிற மனுஷரின் லட்சணத்தைப் பாருங்கள் என்று அந்தப் பெண்மணியிடம் சிரித்தேன். அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

"எந்த டாக்டர் உங்களுக்கு மிட்டாய் திங்கச் சொன்னார்?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். எனக்கு இப்போதும் அது கண்ணுக்குள் நிற்கிறது. வாயைத் திறந்தார், அந்தப் பெண்மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். காது மடல் சிவந்துபோயிருந்தது. "சும்மாதான்," என்றார். உள்ளே போய்விட்டார். அறுபது வயது மனுஷரை மூன்றாம் வகுப்புப் பையனாக நிற்கவைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் சரியான காரியத்துக்குத்தானே என்று இருந்துவிட்டேன். மிட்டாய்களை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த முறை திருப்பிக் கொடுக்கும் உத்தேசம் இல்லை.

அதோடு விட்டேனா. தெருமுனைக் கடைக்காரரிடம் போய், இவருக்கு மிட்டாய், பிஸ்கட் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மிட்டாயில் ஏறிய சர்க்கரையை இறக்க வேண்டும் என்று காலை இட்லியை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். மூன்று நாள் அவர் பதினொரு மணிக்கு நடுங்கிக்கொண்டே படுத்திருந்தார். பால் இல்லாத, சர்க்கரை இல்லாத காபி கொடுத்தேன். நாலாம் நாள் காலை, தையல்காரரிடம் என் ரவிக்கை தயாராக இருக்கிறது, போய் வாங்கிவாருங்கள் என்று அனுப்பினேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட் வரை போனார். ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு குடு மே," என்றார்.

"சின்னப் பிள்ளையா நீங்க?" என்றேன். முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்றது அவர் கால்களிலிருந்து தெரிந்தது. பிறகு கால்கள் போய்விட்டன.

ஒரு மணி நேரம் கழித்து அவர் போனிலிருந்து யாரோ ஒரு ஆட்டோக்காரர் கூப்பிட்டார். மெயின் ரோடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார் என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிறிய கூட்டம் நின்றது. சைக்கிள் ஒரு பக்கம், ரவிக்கை இருந்த பிளாஸ்டிக் பை ஒரு பக்கம். அவர் தோள் அடியில் மடங்கக் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஏதோ குழறினார். கூட்டத்தில் ஒருவர், "காலங்காத்தால ஏத்திகினு வந்துட்டாரு பெருசு," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷர். நான் என்ன செய்தேன் தெரியுமா. குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். மிட்டாயை மறைத்தவர் இதையும் மறைத்திருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது அதுதான்.

அந்த ஆட்டோக்காரருக்கு என் வயது இருக்கும். என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"யக்கா, இது சரக்கு இல்ல. சுகரு எறங்கிக்கீது. எங்கம்மாவுக்கு இப்டிதான் ஆவும்."

எனக்குக் கைப்பை ஞாபகம் வந்தது. ஆறு மிட்டாயும் அதில்தான் இருந்தன. ஒன்றைப் பிரித்து வாய்கிட்டே கொண்டுபோனேன். அவர் குழறுவதும் நின்றிருந்தது. பல் கிட்டிப்போயிருந்தது. ஆட்டோக்காரர் என் கையைத் தட்டிவிட்டார். முழுங்க முடியாதவர் வாயில் எதையும் போட்டால் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும், வண்டியில் ஏற்று என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வாசலில் நின்று அவராகவே கேட்டபோது அந்த வாய் நன்றாகத் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் கண் திறந்தார். பக்கத்தில் இருந்த டாக்டரம்மா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். சர்க்கரை மாத்திரை என்றேன். வேறு ஏதாவது என்றார். விஷயம் கேள்விப்பட்டு அந்த லேப் பெண்மணி வேலையைப் போட்டுவிட்டு அப்போதுதான் ஓடிவந்திருந்தார். என் தோளில் கை வைத்திருந்தார். "வேற எதுவும் இல்ல," என்றேன். அவர் பிழைத்துவிட்டார், இனி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்னை நானே எப்படி மன்னிப்பது.

சாயங்காலம் அவருக்கு மறுபடி இறங்கியது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே வேர்த்து, கண் செருகியது. நர்சுகள் ஓடிவந்தார்கள். டாக்டரம்மா என்னிடம் வந்து நின்றார். இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிற மாத்திரை இப்போது மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது, எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். அந்தப் பெண்மணியும் அங்கேதான் இருந்தார். நான் சொல்லிவிட்டேன். கால்சியம் டப்பா, பூந்தமல்லி, எல்லாவற்றையும். என் மகள் வீட்டுக்குப் போய்ப் புடவை அடியிலிருந்து சீட்டை எடுத்துவந்தாள். டாக்டரம்மா அதை வாங்கி, அடியில் இருந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார். சர்க்கரை டாக்டரிடம் இந்தச் சீட்டைக் காட்டி மாத்திரை அளவைக் குறைப்பது பற்றிக் கேட்கவும். சர்க்கரை இறங்கலாம் என்று நோயாளியிடம் சொல்லப்பட்டது.

பிறகு பொறுமையாக எனக்கு விளக்கினார். இவர் சாப்பிட்ட மாதிரி மன மாத்திரை, இவர் சாப்பிட்ட மாதிரி சர்க்கரை மாத்திரையின் வேகத்தைச் சிலருக்குக் கூட்டிவிடும். பசியையும் கொஞ்சம் குறைக்கும். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் இரண்டு டாக்டருக்கும் இரண்டும் தெரிந்திருந்தால் அளவைக் குறைத்திருப்பார்கள், வீட்டில் அடிக்கடி சோதிக்கச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம் என்றார். அவ்வளவுதான் விஷயம். வேர்வையும் நடுக்கமும் எரிச்சலும் மனசு அல்ல, சர்க்கரை. என் கண்ட்ரோலும் பாகற்காய் ஜூஸும் அதில் என்ன செய்தன என்று நான் கேட்கவில்லை.

அந்த லேப் பெண்மணி டாக்டரம்மா போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பந்தம் போயிற்று என்று நான் காத்திருந்தேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா," என்றார். "தினமும் எத்தனை பேர் இந்த மாத்திரையும் போட்டுக்கிட்டு எங்க லேபுக்கு வர்றாங்க. ரத்தம் எடுக்கறப்ப முதல் கேள்வியே அதுதான் கேப்பேன். உங்ககிட்ட கேக்கலையேன்னுதான் இப்ப எனக்கு அடிச்சுக்குது."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. யாரும் எதையும் சொல்லவில்லை, கேட்கவில்லை. நான் யாரிடமிருந்து எதைக் காப்பாற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. விழுந்ததில் முறிந்த தோளில் கட்டோடு அவர் மணையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தாரை வார்த்துக் கொடுத்தார். மாப்பிள்ளை தன் கையைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், அவர் நன்றாகத் தெளிந்த பிறகு, மிட்டாய் விஷயத்தைக் கேட்டேன். பூந்தமல்லி டாக்டர்தான் சொல்லியிருக்கிறார். வேர்த்து நடுங்கினால் உடனே இனிப்பு எதையாவது வாயில் போட வேண்டும், எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும் என்று. அதை நம்பித்தான் தினமும் கடைக்குப் போயிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னார், குறையாக இல்லை, எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி.

"நீதான மே கல்யாணம் முடியறவரைக்கும் வாயே தொறக்கக் கூடாதுன்ன."

இப்போது இரண்டு டாக்டர்களிடமும் ஒரே ஃபைல்தான். சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்கள். மன மாத்திரை தொடர்கிறது, அட்டையோடு சாப்பாட்டு மேஜை மேலேயே இருக்கிறது. வீட்டில் சோதிக்கிற கருவி வாங்கியிருக்கிறோம். தோள் சேர்ந்துவிட்டது, ஆனால் கை முழுக்க உயராது. சைக்கிளை என் மாப்பிள்ளை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதைத் தள்ளிக்கொண்டு போனபோது இவர் கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சில பெயர்கள் அவருக்கு வாயில் வரத் தாமதமாகிறது. வயதா, அன்றைய தினமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

மிட்டாய் எல்லா இடத்திலும் வைத்திருக்கிறேன். அவர் சட்டைப் பையில், தலைமாட்டில், டி.வி. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில். சாப்பாடு தள்ளிப்போனால் எப்போதாவது ஒரு நாள் நடுக்கம் வரும். அப்போது அவர் உறையைப் பிரிப்பார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டிய பிறகுதான் வாயில் போடுவார். என்னைக் கேட்க வேண்டாம், தோன்றியதும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். அழுதிருக்கிறேன். சரி மே என்கிறார். முப்பத்து மூன்று வருஷத்தில் நான் சொல்லி அவரால் செய்ய முடியாமல் போனது இது இரண்டாவது.

போன வாரம் நான் குளிக்கப் போயிருந்தேன். தலைக்குக் குளித்ததால் நேரமாகிவிட்டது. கதவைத் திறந்தேன். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிரித்த மிட்டாய் உள்ளங்கையில் உருகி ஒட்டியிருந்தது. நான் வெளியே வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.